கரஸில் எம்.எஸ்.டபிள்யூ. படித்தேன்: பாலக்காடு எல்லையிலிருந்து என் அனுபவம்

"அக்கா, கரஸ்ல எம்.எஸ்.டபிள்யூ. போடலாமா? ஆஸ்பத்திரி வேலை கிடைக்குமா?" கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துப் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். எம்.எஸ்.டபிள்யூ. என்றால் சமூகப் பணியில் முதுகலைப் படிப்பு, கரஸ் என்றால் தொலைநிலையில் படிப்பது. ஆஷா பணியாளர்கள், லேபில் வேலை பார்ப்பவர்கள், கல்யாணமாகி வீட்டில் இருக்கும் பட்டதாரிகள் என்று பலரும் கேட்கிறார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் விரிவாகவே எழுதிவிடுகிறேன். படிப்பை முடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது ஒரு பாலியேட்டிவ் கேர் (தீராத நோய் உள்ளவர்களின் வலியையும் கஷ்டத்தையும் குறைக்கும் பராமரிப்பு) அமைப்பில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். ரிசல்ட் வந்த கையோடு எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். வேலையில் இறங்கிய பிறகுதான் படித்ததில் எது கைகொடுக்கிறது, எது பரீட்சையோடு போய்விட்டது என்பது தெரிகிறது.

நான் பி.ஏ. தமிழ். ஒரு கிளினிக்கில் ஓ.பி. சீட்டுப் போடும் வேலையில் இருந்தபோது சேர்ந்தேன். சீட்டுப் போடும் இடத்தில் உட்கார்ந்தால் டாக்டருக்குத் தெரியாத பலதும் காதில் விழும். மாத்திரை எழுதிக் கொடுத்தும் ஏன் வாங்கவில்லை, ஸ்கேன் எடுக்கச் சொன்ன பாட்டி ஏன் திரும்பி வரவே இல்லை, இதெல்லாம் அங்கேதான் பேசுவார்கள். இதைக் கவனிப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் ஆசை வந்துவிட்டது.

இரண்டு வருடப் படிப்பு. முதுகலைதான், ஆனாலும் எந்தப் பட்டம் வைத்திருப்பவரும் சேரலாம். நான் சேர்ந்த இடத்தில் அசைன்மென்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். களப்பணிக்குத் தனி மதிப்பெண். புத்தகங்கள் ஆங்கிலத்தில். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆங்கிலம் கடினமானது இல்லை, நீளமானதுதான். ஒரு பாடத்தைப் படித்ததும் அதைத் தமிழில் நாலு வரியாக எழுதி வைப்பேன். அந்த நோட்டு இன்றைக்கும் பயன்படுகிறது.

பாடங்களில் தனிநபரோடு வேலை செய்வதும் ஆலோசனையும் பற்றிய தாள்தான் உயிர். மேரி ரிச்மண்ட் 1917-லேயே ஒருவரின் கஷ்டத்தை அவர் குடும்பத்தோடும் அக்கம்பக்கத்தோடும் சேர்த்துத்தான் ஆராய வேண்டும் என்று முறைப்படுத்தி எழுதினார். பிறகு ஃபீலிக்ஸ் பீஸ்டெக் என்ற பாதிரியார் ஏழு கொள்கைகளை வகுத்தார். ஒவ்வொருவரையும் தனி ஆளாகப் பார்ப்பது, தீர்ப்புச் சொல்லாமல் இருப்பது, அவர் வாழ்க்கைக்கான முடிவை அவரே எடுக்க விடுவது, சொன்னதை வெளியே சொல்லாமல் காப்பது, இப்படிப் போகும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும்போது சாதாரணமாகத்தான் தெரிந்தன. ஆராய்ச்சி முறைகள் தாள் எனக்கு ஒட்டவே இல்லை. சமூகவியல் தாள் பரவாயில்லை. சமூக வளர்ச்சி பற்றிய தாளைப் படித்ததாகவே இப்போது நினைவில்லை.

களப்பணியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பை எடைபோட வேண்டியதும் அதை வைத்துத்தான்.

கேரளத்தில் இருக்கிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய வாய்ப்பு இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் ஊர் ஊராகப் பரவி, 2008-இல் மாநில அரசின் பாலியேட்டிவ் கொள்கையாகவே ஆனது. இன்றைக்குப் பஞ்சாயத்துதோறும் நர்ஸோடு ஹோம் கேர் குழு இருக்கிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்கே போவார்கள். என் களப்பணியை அப்படி ஒரு குழுவோடு செய்ய அனுமதி வாங்கினேன். ஜீப்பில் நர்ஸ், ஆஷா அக்கா, டிரைவர், நான். நர்ஸின் பையில் பஞ்சு, காஸ் துணி, யூரின் டியூப், பிபி கருவி, சுகர் பார்க்கும் கருவி, புண்ணின் நாற்றம் குறையப் பொடித்துத் தூவுவதற்கு மெட்ரோனிடசோல் மாத்திரை. என் கையில் நோட்டும் பேனாவும் மட்டும்.

நோட்டு என்றால் வந்தோம், பார்த்தோம் என்று எழுதுவதில்லை. நடந்த பேச்சை வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், அப்போது அவர் முகம் எப்படி இருந்தது, எனக்குள் என்ன ஓடியது. மேற்பார்வையாளர் அதைப் படித்து ஓரத்தில் கேள்வி எழுதுவார். இவ்வளவு எழுத வேண்டுமா என்று கூடப் படித்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். எனக்கு இந்தப் படிப்பே அந்த நோட்டுதான்.

ஒரு வீட்டைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான். வாய்ப் புற்று வந்த ஒரு பெரியவர். வாசலிலேயே அவர் மனைவி எங்களை நிறுத்தி, "அம்மிணி, அவருக்கு என்ன நோவுன்னு சொல்லிப் போடாதீங்க. மனசு உட்ருவாரு" என்றார். உள்ளே நர்ஸ் புண்ணைச் சுத்தம் செய்து கட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா மோர் எடுக்கப் போன நேரத்தில் பெரியவர் என்னிடம், "பேங்குல வச்ச நகையத் திருப்போணும். காட்டை அவ பேருக்கு மாத்தோணும். அதுக்கெல்லாம் எத்தன நாளாகுங் கண்ணு?" என்றார். வாய் சரியாகத் திறக்காததால் ஒவ்வொரு சொல்லும் இழுத்து இழுத்து வந்தது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். அன்று ராத்திரி அப்படியே எழுதினேன். அந்த வரியின் கீழே கோடு போட்டு மேற்பார்வையாளர் எழுதியிருந்தார்: "அவர் கேட்டது நகையையா, நாட்களையா?"

அடுத்த முறை போனபோது, "இதையெல்லாம் இப்பவே முடிக்கணும்னு ஏங்க தோணுது?" என்று அவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு பேசினார். தன் நோயைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்தே இருந்தது. மனைவியையும் கூட உட்கார வைத்துப் பேசலாமா என்று அனுமதி கேட்டேன், சரி என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் அழுகை இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு வில்லேஜ் ஆபீஸுக்கும் பேங்குக்கும் அலையும் வேலையை அவர் படுத்துக்கொண்டே சொல்லச் சொல்ல, அந்த அம்மா ஒவ்வொன்றாக முடித்தார். முடிவை அவரே எடுக்க விடுவது என்று மனப்பாடம் செய்த கொள்கைக்கு நம் வீடுகளில் என்ன அர்த்தம் என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. நம் பக்கம் நோய் ஒருவருடையது அல்ல, வீட்டினுடையது. அதற்காக நோயாளியைக் கேட்காமல் விடவும் முடியாது. யார் யாரிடம் எதை மறைக்கிறார்கள் என்று பொறுமையாகப் பார்த்து, முதலில் அவரிடம் கேட்டு, பிறகு மற்றவர்களைச் சேர்க்க வேண்டும்.

பாடப்புத்தகத்தில் பாலியேட்டிவ் பற்றிச் சில பக்கங்கள்தான். நானாகத் தேடிப் படித்ததில் சிசிலி சாண்டர்ஸ் மனதில் நின்றுவிட்டார். நர்ஸாக இருந்து, ஆஸ்பத்திரிச் சமூகப் பணியாளராகி, அப்புறம் டாக்டருக்குப் படித்து, 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை, அதாவது கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்தைத் தொடங்கியவர். உடம்பு வலி, மனக் கவலை, பணக் கஷ்டமும் உறவுச் சிக்கலும், சாமி நம்மை ஏன் கைவிட்டது என்ற கேள்வி, இந்த நான்கும் சேர்ந்ததுதான் நோயாளியின் வலி என்றார். வலி மாத்திரை கொடுத்தும் தூங்காத ஒருவர், மகள் கல்யாணக் கடன் அடைந்த அன்று தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தராத ஒரு வேலை கூடுதலாக உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டு ஆங்கிலத்தில், விண்ணப்பம் மலையாளத்தில், நோயாளி பேசுவது தமிழ். படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு உதவித்தொகை தருகிற கேரள அரசின் ஆஸ்வாசகிரணம் திட்டம் இருப்பதே தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குத் தெரியவில்லை. கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவித்த இடங்களில் இருக்கும் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரிமை தருகிறது. இதை நான் ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறேன். பதில் வரத் தாமதமாகலாம், ஆனால் கேட்பது நம் உரிமை. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் கதை வேறு. அங்கே 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அம்மா இந்தப் பக்கம், மகள் பொள்ளாச்சியில் என்று பிரிந்திருக்கும் குடும்பத்தில் நோயாளியை எங்கே வைத்துப் பார்ப்பது என்ற பேச்சு வரும்போது, இரண்டு மாநிலத்துத் திட்டமும் தெரிந்த ஒருவர் தேவைப்படுகிறார். ரேஷன் அட்டை எந்தப் பக்கம் என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் தாமதமாக வந்தது. மேற்பார்வையாளர் நடுவில் மாறினார், புதியவருக்கு என் நோட்டைப் புரட்டவே நேரம் இல்லை. களத்துக்கே போகாமல் கையெழுத்து வாங்கிப் பட்டம் முடித்தவர்களும் என் கூட இருந்தார்கள். அது எனக்குக் கோபம் தருகிற விஷயம். சாகக் கிடப்பவர் வீட்டுக்குள் ஒருவரை அனுப்பும் சான்றிதழ் இது, அதில் பொய்க் கையெழுத்து இருக்கக் கூடாது. யார் மேற்பார்வை செய்வார், மாதத்தில் எத்தனை முறை நேரில் பார்ப்பார் என்று சேரும் முன்பே கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

வேலை விஷயத்தில் மூன்று முக்கியமான செய்திகள். பெரிய ஆஸ்பத்திரிகள் பலவும் மருத்துவ, மனநலச் சமூகப் பணியைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர்களைத்தான் கேட்கின்றன. பொதுவாகப் படித்தவர்களுக்குத் தொண்டு நிறுவனம், பள்ளிக் கவுன்சலிங், பாலியேட்டிவ் போன்றவை திறந்திருக்கின்றன. சம்பளம் சுமார்தான், அதை எதிர்பார்த்தே வாருங்கள். அடுத்து, எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் வைத்து மனநலச் சமூகப் பணியாளர் என்று போட்டுக்கொள்ள முடியாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அதற்கு மேல் முழுநேர எம்.பில்.லும் கேட்கிறது. கடைசியாக, இப்போது சேர நினைப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது: 2021-ஆம் ஆண்டுச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில் வரும் படிப்புகளைத் தொலைநிலையில் நடத்தக் கூடாது என்று 2025-இல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவித்தது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் மருத்துவச் சமூகப் பணியாளரும் வருகிறார். அதனால் நீங்கள் சேரப்போகும் படிப்புக்கு அந்த ஆண்டு அனுமதி உண்டா என்று யு.ஜி.சி. பட்டியலில் பாருங்கள். பக்கத்தில் ரெகுலர் கல்லூரியில் இடம் கிடைத்தால், வீட்டுச் சூழ்நிலையும் ஒத்துவந்தால், நான் அதையே எடுக்கச் சொல்வேன்.

திரும்பவும் படிப்பேனா என்றால் கட்டாயம் படிப்பேன். அந்த நோட்டுக்காகவே படிப்பேன். நீங்கள் ஃபார்ம் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் பஞ்சாயத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பாலியேட்டிவ் நர்ஸ் எந்தெந்த நாளில் ஹோம் கேர் போகிறார் என்று கேளுங்கள். தன்னார்வலராகக் கூட வரலாமா என்று அவரிடமே கேட்டு, ஒரு மாதம் அவரோடு வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். அதன் பிறகும் படிக்கத் தோன்றினால் என்னிடம் வாருங்கள், என் தமிழ்க் குறிப்புகளைத் தருகிறேன்.