சாயத் தண்ணீரைக் கூலன்ட் என்று விற்றார்கள்

மட்டக்களப்பில் காருக்கு வீட்டிலேயே கூலன்ட் (இஞ்சின் சூடேறாமல் காக்கும் திரவம்) மாற்றுகிறவர்கள் தயவுசெய்து இதை வாசித்துவிட்டுக் கேன் வாங்குங்கள்.

போன மாதம் பழைய கூலன்ட்டை இறக்கினேன். இஞ்சின் நன்றாக ஆறட்டும் என்று காலை வரை விட்டு, றேடியேட்டர் மூடியைத் திறந்து, கீழ்த் திருகைத் தளர்த்தினால் தேயிலைச் சாயம் போலத் துருத் தண்ணீர். எங்கள் கிணறு வாவிக்குக் கிட்ட, உப்புத் தண்ணீர். கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவது றேடியேட்டருக்குள்ளும் படியும். அதனால் பற்றரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கி, கார் ஹீட்டரைப் போட்டு இஞ்சினை ஓடவிட்டு, ஆறவைத்து வடித்து, மூன்று தரம் அலசினேன். கடைசியாக வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது.

அப்புறம் ஊற்றியதுதான் பிழை. நாலு லீற்றர் கேன், றோஸ் நிறம், "ரெடி மிக்ஸ், தண்ணி கலக்கத் தேவையில்ல" என்றார்கள். மற்றக் கடையைவிட 1500 ரூபா குறைவு. மூடியில் சீல் இல்லை. கேட்டதற்கு, "வெயிலுக்குக் கழண்டிருக்கும் அண்ண" என்றான் கடைப் பொடியன். நம்பிவிட்டேன்.

மூன்று கிழமையில் றேடியேட்டரோடு சேர்ந்த சின்னத் தாங்கியில் இருந்த றோஸ் நிறம் சேற்று நிறமாகிவிட்டது. கேனில் மிஞ்சியதை ஒரு சின்னப் போத்தலில் விட்டு, பொலித்தீனால் சுற்றி ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் பார்த்தால் றோஸ் நிற ஐஸ்கட்டி! சரிபாதி கலந்த நல்ல கூலன்ட் உறைய சுமார் மைனஸ் 37 பாகை வேண்டும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 அளவில்தான் நிற்கும். தகர மூடியில் வெயிலில் காயவைத்த துளிகளும் வெள்ளை உப்பு வளையத்தை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டன. நம் ஊரில் கூலன்ட் உறையாமல் இருப்பது முக்கியமில்லை. ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது. அது இல்லாத தண்ணீர்தான் மூன்று கிழமை என் இஞ்சினுக்குள் ஓடியிருக்கிறது. நினைக்க வயிறு எரிகிறது.

கடைக்காரர், "பாவிச்ச சாமானுக்கு நாங்க பொறுப்பில்ல, மறுகா வாங்க" என்றார். பில்லில் பெயரும் இல்லை, விலை மட்டும்தான். நீங்கள் வாங்கும்போது பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிட அது உதவும். வடித்ததைக் கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

இரண்டாம் தரம் சீல் உடையாத கேன் வாங்கினேன். அதிலும் ஒரு துளியை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்து, உறையவில்லை என்று பார்த்த பிறகுதான் றேடியேட்டரில் ஊற்றினேன்.