என் பழைய கார்புரேட்டரையே புதியது என்று விற்றார்கள்: ஆம்னி வைத்திருப்போர் கவனிக்கவும்

நிலக்கோட்டையிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றிச் செல்லும் என் 1998ஆம் ஆண்டு மாருதி ஆம்னியில், கடந்த மாதம் பெட்ரோல் வாடை குமட்டும் அளவுக்கு வரத் தொடங்கியது. சூடான எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் பிடிக்கவில்லை. பிடித்தாலும் கரும்புகை கக்கியது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ ஆகிறது, அதாவது பெட்ரோல் நிரம்பி வழிகிறது என்பது எனக்கே தெரிந்ததால், அதைச் சொல்லியே அருகிலுள்ள ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன்.

மூன்று நாள் கழித்து, "கார்புரேட்டர் பாடியே போயிருச்சுண்ணே, புதுசு போட்டாச்சு" என்றார் பட்டறைக்காரர். அதற்கு 6,800 ரூபாய். பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் இக்னிஷன் காயில், மூன்று பிளக், கூலி எல்லாம் சேர்த்து 10,200 ரூபாய். பழையதைக் கேட்டதற்கு, எக்சேஞ்சில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். முகூர்த்த நாள் நெருங்கி, மல்லிகை ஏற்ற வண்டி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்ததால், துண்டுச்சீட்டில் எழுதிய கணக்கை வாங்கிக்கொண்டு பணத்தை அனுப்பினேன்.

நான்காம் நாள் அதே வாடை. ஆம்னியின் எஞ்சின் முன் இருக்கைகளுக்கு அடியில் இருப்பதால், கசியும் பெட்ரோலின் மேல்தான் நாம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, இருக்கையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். வெள்ளி வர்ணம் பூசிய அந்தப் 'புதிய' கார்புரேட்டரில் சோக் கேபிளைப் பிடித்திருந்தது ஒரு மொபெட்டின் பிரேக் கேபிள் நட். இரண்டு ஆண்டுகளுக்கு முன் திருகு தொலைந்தபோது, அரத்தால் ஒரு பக்கத்தைச் சாய்வாக ராவி நானே பொருத்திய நட் அது. அந்தச் சாய்வு அப்படியே இருந்தது. அதன் மேலும் வர்ணம் அடித்திருந்தார்கள்.

மதுரையில் ஒரு மூத்த மெக்கானிக் என் கண்ணெதிரிலேயே அதைத் திறந்தார். கார்புரேட்டரின் மிதவை அறையில் பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட்டும் (மிதவை) மேலே எழும்பி, ஊசி போன்ற நீடில் வால்வை அதன் சீட்டில் (அது உட்கார்ந்து அடைக்கும் துளை) அழுத்தி, பெட்ரோல் வரத்தை நிறுத்த வேண்டும். என் வண்டியின் நீடில் முனையில் நகத்தால் தடவினாலே தட்டுப்படும் அளவுக்கு ஒரு வட்டப் பள்ளம் விழுந்திருந்தது. சீட்டில் டேங்கிலிருந்து வந்த துருத்தூள் ஒட்டியிருந்தது. ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் இல்லாததால், அதில் ஓட்டையில்லை என்றார். நீடிலும் சீட்டும் சேர்ந்த கிட், கேஸ்கெட், பெட்ரோல் ஃபில்டர், கூலி எல்லாமாக 1,150 ரூபாய்தான் ஆனது. பழுதில்லாத காயிலை மாற்றிய பட்டறை, துருவைத் தடுக்க வேண்டிய அந்தச் சிறிய ஃபில்டரைத் தொடவே இல்லை.

இதைவிட என்னை நடுங்க வைத்தது எஞ்சின் ஆயில். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தபோது மட்டம் மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை. எரியாத பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி ஆயிலோடு கலந்து நீர்த்துவிட்டிருந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் பேரிங் தேய்ந்து எஞ்சினே இறங்கியிருக்கும். ஓவர்ஃப்ளோ வேலை முடிந்ததும் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றச் சொல்லாத பட்டறையை நம்பாதீர்கள்.

கார்புரேட்டர் பாடியை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் மிதவை அறையின் பக்கத்திலுள்ள சிறிய கண்ணாடியைப் பாருங்கள். பெட்ரோல் மட்டம் அதன் நடுவிலுள்ள புள்ளியில் நிற்க வேண்டும். மேலே ஏறியிருந்தால், பெரும்பாலும் நீடில் வால்வு, ஃப்ளோட் இரண்டில் ஒன்றுதான் காரணம். எஞ்சின் நின்ற பிறகும் கார்புரேட்டர் வாய்க்குள் பெட்ரோல் சொட்டினால் சந்தேகமே வேண்டாம். வண்டியை விடுவதற்கு முன் உங்கள் பாகங்களைப் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பட்டறைக்காரர் இப்போது எதையும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார். பூ வியாபாரத்துக்கு ஓடும் வண்டி என்பதால் நுகர்வோர் வழக்கு செல்லாது என்று சிலர் சொன்னார்கள். அது தவறு. சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்தப் பயன்படுத்துபவரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நுகர்வோரே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவை எழுதி முடித்திருக்கிறேன். பணம் அனுப்பிய பதிவு, துண்டுச்சீட்டு, பள்ளம் விழுந்த அந்த நீடில், வர்ணம் அடித்த நட்டின் படம் ஆகியவற்றை அதனுடன் கொடுக்கிறேன்.