46,800 ரூபாய் போச்சு: வாட்ஸ்அப்பில் விமான டிக்கெட் போடுறவங்க இதைப் படிச்சுட்டுப் போடுங்க

சனிக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடங்கிவிட்டால் 'போனது போகட்டும்' என்று நானே விட்டுவிடுவேன், என்னை ஏமாற்றிய டிக்கெட் ஏஜென்ட் அடுத்த ஆளைப் பிடிப்பான். டிக்கெட் எப்படிப் பார்த்துப் போடுவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

தங்கச்சி கோலாலம்பூரில் இருக்கிறாள். தலைப்பிரசவம் இங்கே எங்கள் வீட்டில் நடந்தது. இரண்டாவது அங்கேதான் என்று முடிவானதால் அப்பா, அம்மா இருவரும் போய் ஒரு மாதத்துக்குள் திரும்புவதாக ஏற்பாடு. அம்மாவுக்கு இதுதான் முதல் விமானப் பயணம். திருச்சியிலிருந்து நேராகப் போகிற விமானத்தில் போக வர ஆளுக்கு 31,000 காட்டியது. அதில் பெட்டி எடைக்குத் தனிக் காசு வேறு.

அப்போதுதான் இவன் வந்தான். கடை இல்லை, போர்டு இல்லை, வாட்ஸ்அப்பிலேயே டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட். மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா போகும் நம்ம பக்கத்து ஆட்கள் இருக்கும் ஒரு குரூப்பில் தினமும் காலையில் ரேட் போடுவான். என்னோடு வேலை பார்ப்பவர் போன வருடம் இவனிடம் போட்டு ஒழுங்காகப் போய்வந்திருக்கிறார். கொழும்பில் மாறிப் போகும் விமானம், 30 கிலோ, போக வர ஆளுக்கு 22,800 என்றான். மலேசியாவுக்கு அரைவல் கார்டு (போகும் முன் ஆன்லைனில் நிரப்பும் வருகைப் படிவம்) போட ஆளுக்கு 600. எல்லாம் சேர்த்து 46,800.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமையிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் "விசாரிக்காம ஏன் குடுத்த" என்றே கேட்கிறார்கள். பாஸ்போர்ட் போட்டோ அனுப்பிய ஐந்தாவது நிமிடம் அவனே கூப்பிட்டான். "அண்ணே, அப்பா பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கு. அப்படியே விட்டா சிஸ்டம் எடுக்காது. இந்த ஏர்லைன்ல பேரையே ரெண்டு தடவை போடணும், நான் பாத்துக்கறேன்" என்றான். நம்ம ஊர்ப் பாஸ்போர்ட்டில் இது எவ்வளவு பெரிய தலைவலி என்று போட்டவர்களுக்குத் தெரியும். நான் கேட்காமலே இதைச் சொல்கிறவன் தொழில் தெரிந்தவன் என்று நினைத்தேன். அந்த இடத்தில்தான் விழுந்தேன்.

இருந்தும் பணம் கட்டும் முன் பி.என்.ஆர். (புக்கிங் எண்) கேட்டேன். உடனே ஆறு எழுத்து வந்தது. விமான நிறுவனத்தின் தளத்தில் நானே போட்டுப் பார்த்தேன். அப்பா பேர், அம்மா பேர், தேதி, கொழும்பில் எத்தனை மணி நேரம் காத்திருப்பு, எல்லாம் சரி. அம்மாவைக் கூப்பிட்டுப் போனைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, இங்கிலீஷில் தன் பேரை எழுத்துக்கூட்டிப் படித்தார். அப்புறம் எனக்கு என்ன சந்தேகம் வரும்?

கார்டில் கட்டலாமா என்று கேட்டேன். "கட்டலாம்ணே, ரெண்டு பர்சென்ட் கூட வரும்" என்றான். அந்த 936 ரூபாயை மிச்சம் பிடிக்க ஜிபேயில் அனுப்பினேன். வந்த பேர் ஏஜென்சி பேர் இல்லை, யாரோ ஒரு பெண் பேர். "கம்பெனி அக்கவுண்ட்ல இன்னைக்கு லிமிட் முடிஞ்சிருச்சு, இது அண்ணி அக்கவுண்ட்" என்றான். 46,800. ஒரே அழுத்தில்.

இனி விமான நிலையம். அறந்தாங்கியிலிருந்து வாடகைக் காரில் புதுக்கோட்டை வழியாக வந்தோம். முந்தின நாளே பெட்டியைப் பழைய இரும்புக் கடைத் தராசில் போட்டு எடை பார்த்தாயிற்று: 29 கிலோ 400. லேகியம், சுக்கு, மணத்தக்காளி வத்தல், பிள்ளைக்கு வெளுத்த நூல் சேலை நாலு. பெட்டி மாறிவிடக் கூடாது என்று அப்பா கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார். புது டெர்மினல் வாசலில் சி.ஐ.எஸ்.எஃப்.காரர் பிரிண்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து இருவரையும் உள்ளே விட்டார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கையாட்டினேன். அரை மணி நேரம் கழித்து அப்பா போன்: "தம்பி, நம்ம பேரு இல்லைங்கிறாங்கப்பா."

போனைக் கவுண்டரில் இருந்த பெண்ணிடம் கொடுக்கச் சொன்னேன். பொறுமையாகத்தான் சொன்னார். சீட்டைப் பிடித்து மட்டும் வைத்திருக்கிறார்கள், டிக்கெட் எடுக்கவே இல்லை, கெடு முடிந்ததும் இரண்டாம் நாளே தானாகக் கேன்சல் ஆகிவிட்டது. அதாவது நான் பணம் கட்டிப் பதினேழு நாளில், பதினைந்து நாளாக அந்த பி.என்.ஆர். செத்துக் கிடந்திருக்கிறது. கேன்சல் ஆன செய்தி எனக்கு ஏன் வரவில்லை? புக்கிங்கில் இருந்த போன் நம்பரும் மெயிலும் அவனுடையவை. முந்தின நாள் வெப் செக்-இன் பற்றிக் கேட்டபோது, "கனெக்டிங் ஃபிளைட்டுக்கு எடுக்காதுண்ணே, கவுண்டர்லயே பாத்துக்குவாங்க" என்றவன் அதைத் தெரிந்தேதான் சொல்லியிருக்கிறான்.

பெட்டியைத் தள்ளிக்கொண்டு இருவரும் வெளியே வந்தார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. "பாப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிடாத, இந்த நேரத்துல" என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் அவன் ஆடிய ஆட்டம். முதல் போனுக்கு "அண்ணே, டென்ஷன் ஆகாதீங்க, ஏர்லைன் சைடு இஷ்யூ". மாலை "சார், ரீஃபண்ட் ப்ராசஸ்ல இருக்கு, 7 வொர்க்கிங் டேஸ்". ஞாயிற்றுக்கிழமை "மிஸ்டர், சும்மா சும்மா கால் பண்ணாதீங்க, மேனேஜர் லீவு". அண்ணன் ஒன்றரை நாளில் மிஸ்டர் ஆகிவிட்டேன். ராத்திரி பணம் அனுப்பிவிட்டதாக ஒரு ஸ்கிரீன்ஷாட். அதில் இருந்த யு.பி.ஐ. பரிவர்த்தனை நம்பரை எண்ணினேன், பதினோரு இலக்கம். உண்மையில் அதற்குப் பன்னிரண்டு இலக்கம். ஏமாற்றுவதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவனிடம் 46,800 கொடுத்திருக்கிறேன்! அதைக் கேட்டதும் என்னை பிளாக் செய்து குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டான்.

பேங்கில், நீங்களே பின் போட்டு அனுப்பிய பணம், நாங்கள் திருப்ப முடியாது என்று விட்டார்கள். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்தேன், விவரம் எல்லாம் வாங்கிப் புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். உடனே சொல்லியிருந்தால் அக்கவுண்டை முடக்கப் பார்க்கலாம். நான் போன் செய்தது பணம் போய்ப் பத்தொன்பது நாள் கழித்து. புகார் நடப்பதால் அவன் பேரை இங்கே போடவில்லை, யாரும் கேட்க வேண்டாம். அரைவல் கார்டுக்கு வாங்கினானே 1,200, அதுவும் கொள்ளைதான். மலேசிய அரசுத் தளத்தில் பயணத்துக்கு முந்தின மூன்று நாளுக்குள் நாமே போடலாம், பைசா கிடையாது. நேற்று ராத்திரி பத்து நிமிடத்தில் போட்டேன்.

இன்று காலை, என்னோடு வேலை பார்க்கும் அந்த நண்பர் குரூப்பிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். "திருச்சி - கோலாலம்பூர், 30 கிலோ, 4 சீட் மட்டும்". அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், நேரமில்லை. இவ்வளவுதான். பி.என்.ஆர். வந்தால் டிக்கெட் வந்ததாக அர்த்தம் இல்லை. இந்த மாதிரிப் பெரிய விமான நிறுவனங்களில் 13 இலக்க டிக்கெட் நம்பர் ஒன்று வரும், முதல் மூன்று இலக்கம் அந்த நிறுவனத்துக்கு உரியது. என் பிரிண்டில் அந்த இடத்தில் பி.என்.ஆரையே மறுபடி அடித்திருந்தான், நான் கவனிக்கவில்லை. புக்கிங்கில் உங்கள் போன் நம்பர் இருக்க வேண்டும். ஒரு தடவை பார்த்ததோடு விடாமல், பணம் கட்டி நாலு நாள் கழித்துத் தளத்தில் மறுபடி பாருங்கள். தனி ஆள் பேருக்கு ஜிபே பண்ணவே பண்ணாதீர்கள், அந்த ரெண்டு பர்சென்ட் போனால் போகட்டும், கார்டில் கட்டினால் பேங்கில் சண்டை போடவாவது வழி இருக்கும்.

வியாழக்கிழமை நேரடி விமானத்தில், நிறுவனத்தின் தளத்திலேயே வேறு டிக்கெட் போட்டிருக்கிறேன். இதில் 20 கிலோதான் வாங்க முடிந்தது. மத்தியானத்திலிருந்து அம்மா பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு, லேகிய டப்பாவை வெளியே எடுப்பதும் திரும்ப உள்ளே வைப்பதுமாக இருக்கிறார். இரும்புக் கடைக்காரர் எட்டு மணிக்குச் சாத்திவிடுவார், அதற்குள் மறுபடி எடை போட வேண்டும். போய்விட்டு வருகிறேன்.