மூணு கோடும் இருக்கு, நெட் மட்டும் இல்லை

இந்த முறை ஊருக்குப் போய் இறங்கியதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, இந்த ஃபோன் பழசாயிடுச்சா?" என்பதுதான். நாலு நாளாக வீடியோ கால் வராததற்கு ஃபோன்தான் காரணம் என்று நினைத்திருக்கிறார். வைஃபை சின்னம் முழுதாகத் தெரிகிறதே, அப்புறம் நெட்டில் என்ன கோளாறு இருக்கப் போகிறது என்பது அவர் கணக்கு. இடம் போதவில்லையோ என்று பேத்தியின் பழைய வீடியோக்களைக்கூட அழித்துவிட்டார். கேட்டதும் மனசு கனத்துப்போனது.

அந்தச் சின்னத்தின் ஓரத்தில் சின்னதாக ஓர் ஆச்சரியக்குறி இருந்தது. ஃபோன் மோடம் வரை போய்விட்டது, மோடத்துக்கு அப்பால் வழியில்லை என்று அதற்கு அர்த்தம். கோடுகள் எத்தனை இருந்தாலும் அவை வீட்டுக்குள் இருக்கும் சிக்னலைத்தான் காட்டும்.

என் ஃபோனிலும் லேப்டாப்பிலும் போட்டுப் பார்த்தேன், அதே கதைதான். ஒரே கருவியில் மட்டும் வரவில்லை என்றால் அதைத்தான் சந்தேகப்பட வேண்டும். என்னைப்போல வெளியிலிருந்து வருபவர்கள் ஆபீஸ் நெட்டுக்குள் போகும் தனி வழியான விபிஎன்னையும், அங்கே கையால் போட்டுவைத்த டிஎன்எஸ் (தளங்களின் பெயரை எண்ணாக மாற்றித் தருவது), ஐபி (நெட்டில் கருவிக்கான எண்) முகவரிகளையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது. எனக்கு 192.168 என்று தொடங்கும் முகவரி ஒழுங்காகக் கிடைத்திருந்தது. 169.254 என்று வந்திருந்தால் மோடமே முகவரி தரவில்லை என்று பொருள்.

சரி, மோடத்தையே பார்ப்போம் என்று போனேன். எல்ஓஎஸ் என்ற எழுத்துக்கு மேலே சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. நெட்டை ஒளியாகக் கொண்டுவரும் கண்ணாடி இழை ஒயரான ஃபைபரில் ஒளி வந்து சேரவில்லை என்று அதற்கு அர்த்தம். இனி ஃபோனில் எதைத் தட்டினாலும் பயனில்லை.

வாடிக்கையாளர் சேவையில் மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள், போட்டேன். அடுத்து, பின்பக்கத் துளையில் ஊசியால் ரீசெட் அழுத்தச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன். பல இணைப்புகளில் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் மோடத்துக்குள்தான் பதிந்திருக்கும். ரீசெட் செய்தால் அதுவும் போய், லைன் சரியான பிறகும் நெட் வராது. சிவப்பு விளக்கு எரிகிறது என்று சொன்ன பிறகும் வயதானவர்களிடம் இதைச் செய்யச் சொல்வது தப்பு. அப்பா ஏற்கெனவே கொடுத்திருந்த புகாரை, யாரும் வந்து பார்க்காமலே "சரிசெய்யப்பட்டது" என்று மூடியும் வைத்திருந்தார்கள். அதில் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மறுநாள் மதியம் லைன் பார்க்கும் தம்பி வந்தார். மோடத்திலிருந்து ஃபைபர் ஒயரின் பச்சை முனையைக் கழற்றி, துடைத்து, ஒளியின் அளவைக் காட்டும் கையடக்க பவர் மீட்டரில் செருகினார். மைனஸ் 31. "மைனஸ் 27-க்குக் கீழே போனா மோடத்துக்குப் புரியாதுக்கா" என்றார். அந்த முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள் என்று அம்மாவையும் எச்சரித்தார். வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

பிறகு சுவரோடு கையை ஓட்டிக்கொண்டே போய் புது பீரோவின் பின்னால் நிறுத்தினார். பீரோவின் கால் அழுத்தி ஒயர் முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. உள்ளே கண்ணாடி இழை உடையவில்லை. ஆனால் அவ்வளவு இறுக்கமாக வளைந்தால் ஒளி வளைவிலேயே வெளியே கசிந்துவிடும். பீரோ வந்ததும் நாலு நாள் முன்புதான்! மூவருமாக அதை நகர்த்தினோம். அவர் ஒயரை நிமிர்த்தி, அகலமாக வட்டம் போட்டு ஆணியில் மாட்டினார். மீட்டரில் மைனஸ் 20. சிவப்பு அணைந்தது, ஃபைபர் வழியாக கம்பெனியோடு இணைப்பு கிடைத்ததைக் காட்டும் பான் விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு நிலையாகப் பச்சையாக நின்றது. மொத்தமே இருபது நிமிட வேலை. அவ்வளவு பொறுமையாக விளக்கிச் செய்த அந்தத் தம்பிக்கு என் நன்றி.

கிளம்புவதற்கு முன் எந்த விளக்குக்கு என்ன அர்த்தம் என்று பெரிய எழுத்தில் எழுதி மோடத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன். போன ஞாயிறு வீடியோ கால் பாதியில் நின்றது. அடுத்த நிமிடமே அப்பா சாதாரண காலில் வந்தார்: "சிவப்பு எரியலம்மா, பான் பச்சையாத்தான் இருக்கு. உன் பக்கம் பாரு."