விடியற்காலை மூன்றரை மணி ஃபிளைட்டுக்கு வந்த கார்: நாலு ஸ்டார், குறைத்த ஒன்றுக்குக் காரணம் உண்டு

இந்தக் கார் சர்வீஸின் பெயரை எழுத மாட்டேன். அதை நடத்தும் அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார். "டிசம்பர் மாசம் உறங்கதுக்கே நேரமில்ல பிள்ளே, நீ வேற எழுதி ஆள சேக்காண்டாம்" என்றார். கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கம், இரண்டே இரண்டு வண்டி. ஒன்றை அவர் ஓட்டுகிறார், இன்னொன்றை அவருடைய தம்பி. போர்டு கிடையாது, ஆபீஸ் கிடையாது, வாட்ஸ்அப் நம்பர் மட்டும்தான். வளைகுடாவில் நம்ம ஊர்க்காரர் யாரைப் பிடித்தாலும் அந்த நம்பர் கிடைக்கும். எனக்கு என் ரூமில் இருக்கும் புதுக்கடை ஊர்க்காரி தந்தாள்.

நான் சவுதியில், தம்மாமில் ஸ்டாஃப் நர்ஸ். போய் இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. இதுதான் முதல் லீவு.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. தூத்துக்குடி வாகைக்குளத்தில் இருப்பது உள்நாட்டு விமானங்களுக்கு. மதுரை என்றால் எங்கள் வீட்டிலிருந்து 250 கிலோமீட்டர். ஆகவே எங்களுக்கு ஏர்போர்ட் என்றாலே திருவனந்தபுரம்தான். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தவர்கள் நாங்கள். எல்லைக் கோடு மாறினாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் ஃபிளைட்டுக்கும் கால் அந்தப் பக்கம்தான் போகும். தூரம் பிரச்சினை இல்லை, மார்த்தாண்டத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பிரச்சினை நேரம். வளைகுடா ஃபிளைட்டுகள் பேய் உலாவும் நேரத்தில்தான் வந்து இறங்கும். இரண்டு பெட்டியும் ஒரு கார்ட்டனுமாக ஒரு பெண் தனியாக வெளியே வந்தால், நம்பி ஏறக்கூடிய ஒரு வண்டி நிற்க வேண்டும்.

போகும்போது வேறொரு கம்பெனி காரை அமர்த்தியிருந்தோம். டிரைவர் உறங்கிப்போனார். போனையும் எடுக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்றுவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டு மாமாவின் மீன் டெம்போவில் ஏறித்தான் ஏர்போர்ட் போனேன். புதுச் சுடிதார். தம்மாமில் இறங்கி, கேம்ப்பில் வாளி வாங்கித் துவைக்கும்வரை என் மேல் சாளை மீன் வாசனை. ஒருவகையில் ஊரைக் கூடவே கொண்டுபோன மாதிரிதான், ஆனால் இமிக்ரேஷன் வரிசையில் பின்னால் நின்றவர் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

அதனால் இந்த முறை ஒரு மாதம் முன்பே புக் செய்தேன். அண்ணன் என்னிடம் நாலு கேள்வி கேட்டார். டிக்கெட் காப்பி அனுப்ப முடியுமா? பெட்டி எத்தனை, கார்ட்டன் எத்தனை? என்ன நிறச் சுடிதார் போட்டு வருவாய்? டிவி உண்டா? நாலாவது கேள்விக்குச் சிரித்துவிட்டேன். என் மாமா காலத்தில் டிவி இல்லாமல் யாரும் ஊருக்கு வரமாட்டார்கள். 2013 ஆகஸ்டில் தட்டை டிவிக்கான வரிவிலக்கை எடுத்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. "இப்பவும் சிலவரு கொண்டுவருவினும், வண்டியில படுக்க வைக்காண்டாம் கேட்டியா, அதுக்காக்கும் கேட்டேன்" என்றார். நான் கொண்டுவந்தது வழக்கமான சாமான்கள்: பேரீச்சை, டாங், நிடோ, கோடாலித் தைலம் இரண்டு டஜன், புலிப்படம் போட்ட கம்பளி ஒன்று. அந்தக் கம்பளியை எங்கள் ஊரின் சூட்டில் யார் போர்த்தப்போகிறார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். அம்மாவுக்கு வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தாவதாக நானே ஒன்று சொன்னேன். வீட்டில் யாருக்கும் தெரியாது, சர்ப்ரைஸ், கிறிஸ்துமஸுக்கு வர முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறேன், ஊரில் யாரிடமும் மூச்சு விடக்கூடாது. "செரி மக்ளே" என்றார். அந்த 'செரி'யை நான் முழுதாக நம்பினேன்.

ஃபிளைட் ஐம்பது நிமிடம் லேட். மூன்றரைக்கு இறங்க வேண்டியது நாலு இருபதுக்கு இறங்கியது. பெட்டி வந்து சேர்ந்து வெளியே வரும்போது ஐந்து மணி. ரீசார்ஜ் செய்யாமல் போட்டிருந்த என் பழைய சிம் எப்போதோ செத்துப்போயிருந்தது, யாரையும் கூப்பிட வழியில்லை. வெளியே கம்பிக்கு அப்பால் முப்பது நாற்பது பேர் அட்டை பிடித்து நிற்கிறார்கள். எல்லாம் இங்கிலீஷும் மலையாளமும். நடுவில் ஒரு அட்டையில் மட்டும் பட்டை மார்க்கரில் தமிழில் 'கருங்கல்' என்று எழுதியிருந்தது.

பெயர் ஏன் எழுதவில்லை என்று பிறகு கேட்டேன். தனியாக வரும் பெண்ணின் பெயரை நாலு பேர் வாசிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடாதாம். அதைப் படித்துவிட்டு வேறொருவன் வந்து "உங்க வண்டி இதுதான்" என்று கூட்டிக்கொண்டு போகலாமாம். அதனால் ஊர்ப்பெயர், அதுவும் தமிழில். சுடிதார் நிறம் கேட்டதும் இதற்குத்தான். இந்த ஒரு யோசனைக்கே இரண்டு ஸ்டார் கொடுக்கலாம்.

வண்டி எர்டிகா. டி.என். 75, மஞ்சள் நம்பர் பிளேட். இதைக் கவனித்துப் பார்த்து ஏறுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லை தாண்டும் வழியில் பிடித்தால் அவர்களோடு சேர்ந்து நாமும் ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். பின் சீட்டை மடக்கி, கார்ட்டனை உள்ளேயே வைத்தார். மேலே கேரியரில் கட்டினால் பனியில் அட்டை நனைந்து பொத்துப்போகும் என்றார். குடிக்கத் தண்ணீர் பாட்டில் இருந்தது. மூன்று விதமான சார்ஜர் ஒயர் இருந்தது. டேஷ்போர்டில் அந்த மல்லிகைப்பூ சென்ட் டப்பா இல்லை. ஐந்து மணி நேரம் ஃபிளைட்டில் குமட்டலோடு வந்தவளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா?

குறையும் உண்டு. பின் சீட் பெல்ட்டின் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது. நான் கேட்ட பிறகுதான் தோண்டி எடுத்தார். அப்புறம், வண்டி ஓட்டும்போது போன் பேசினார். இரண்டு முறை. புளூடூத்தில்தான் என்றாலும் பேசினார். அதைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

பைபாஸில் ஏறினால் கோவளம் வரை கண்ணை மூடிக்கொள்ளலாம், திருவல்லத்தில் டோலுக்கு மட்டும் ஒரு நிறுத்தம். காரோடு வரை ரோடு வழுக்கிக்கொண்டு போகிறது. அதற்கு இந்தப் பக்கம் நாலுவழிச்சாலை வேலை வருடக்கணக்கில் நடந்துகொண்டிருப்பதால் பழைய ரோடுதான், பழைய வளைவுகள்தான். நான் போகும்போது எந்த இடத்தில் தலை கூரையில் இடித்ததோ அதே இடத்தில் திரும்பவும் இடித்தது. களியக்காவிளையில் நிறுத்தி, "சாயா வேணுமா, கட்டன் வேணுமா?" என்று கேட்டார். கண்ணாடி கிளாசில் பால் சாயா, ஒரு பருப்பு வடை. காசை அவரே கொடுத்துவிட்டார்.

ஊருக்கு வந்தவர்களிடம் நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். எப்ப வந்த? எத்தன நாள் லீவு? எப்ப திரும்பிப் போற? மூன்றாவது கேள்வி இரண்டாவது நிமிடத்துக்குள் வந்துவிடும். பெட்டியைக்கூடத் திறந்திருக்க மாட்டோம். அந்த அண்ணன் அதைக் கேட்கவே இல்லை. களியக்காவிளையிலிருந்து வீடு வரை அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கண்ணாடிய எறக்கட்டா மக்ளே, காத்து வரட்டு." இறக்கினார். குழித்துறைப் பாலத்தில் ஆற்றின் ஈரக்காற்று அடித்தது. வீடுகளில் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. ஒரு முக்கில் பையன்கள் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள், விடிய விடிய உறங்கியிருக்க மாட்டார்கள் போல. நான் ஒன்றும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

போன் பேசினார் என்றேனே. படந்தாலுமூடு பக்கம் ஒரு அழைப்பு. "ஆமா, தாண்டியாச்சு. சாயா குடிச்சாச்சு. நல்லா இரிக்கு." மார்த்தாண்டம் தாண்டி கருங்கல் ரோட்டில் திரும்பியபோது இன்னொன்று. "ஒரு இருவது நிமிசம்." வீட்டுக்காரியிடம் பேசுகிறார், பாவம், ராத்திரி முழுக்க உறங்காமல் காத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் முடுக்கில் வண்டி திரும்பியபோது ஆறரை. வீட்டில் எல்லா லைட்டும் எரிகிறது. அம்மா கோயிலுக்குக் கட்டும் சேலையில் கேட்டில் நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்து, "ஐயோ எனக்க மக்ளே, நீயா! எனக்கு ஒண்ணும் தெரியாதே!" என்றாள். நடிப்பு படுமோசம். பின்னால் மைனி, என் அண்ணன் பெண்டாட்டி, சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அடுக்களையில் போய்ப் பார்த்தேன். புட்டுக்குற்றியில் ஆவி. மரச்சீனிக் கிழங்கு வெந்து வடித்துக் கிடக்கிறது. மண்சட்டியில் முந்தின நாள் வைத்த சாளைக் குழம்பு, விளிம்பில் எண்ணெய் மிதந்து, நான் தம்மாமில் போனில் புலம்பிய அதே பதத்தில். வீட்டில் இருப்பது பெரியவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கு யார் இரண்டு கிலோ சாளை வாங்குவார்கள்?

வெளியே வந்து அண்ணனைப் பிடித்தேன். கார்ட்டனை இறக்கிக்கொண்டே, கொஞ்சமும் கூசாமல் ஒத்துக்கொண்டார். ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டாராம். அது அவருடைய வழக்கமாம். சர்ப்ரைஸ் என்று யார் சொன்னாலும் 'செரி' என்பார், வீட்டில் ஒரே ஒருவருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிவிடுவார். ஒரு தடவை ஒரு பையனை இப்படித்தான் சொல்லாமல் கொண்டுபோய் விட்டிருக்கிறார். விடியற்காலை கதவைத் தட்டி, திறந்த பாட்டாவின் முன்னால் பேரன் நின்றான். பாட்டா மயங்கி விழுந்தார். அவன் பெட்டியை முற்றத்தில் போட்டுவிட்டு, இதே வண்டியில் பாட்டாவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "பாட்டாக்கு ஒண்ணும் ஆகல, கர்த்தர் காத்தாரு. ஆனா அதோட நான் நிறுத்தியாச்சு. ஒனக்க அம்மைக்கு பிரஷர் உண்டுல்லா?"

உண்டு. இரண்டு வேளை மாத்திரை. அந்த மாத்திரையை மாற்றச் சொல்லி டாக்டரிடம் போனில் பேசியதே நான்தான். வார்டில் தினமும் இருபது பேருக்குப் பிரஷர் பார்க்கிறவள், இருட்டில் வந்து கதவைத் தட்டத் திட்டம் போட்டிருக்கிறேன். அவரிடம் என்ன சண்டை போடுவது? ஆனாலும் சொல்லாதே என்று சொன்னதைச் சொன்னது சொன்னதுதான். ஒரு ஸ்டார் அதற்காகத்தான் போகிறது. அதை அவரிடமும் சொல்லிவிட்டேன். "போனா போட்டு" என்றார்.

வாடகை 2,400 ரூபாய். பார்க்கிங்கும் டோலும் தனி, இரண்டுக்கும் ரசீது காட்டினார். ஃபிளைட் லேட்டானதற்குக் காத்திருப்புக் காசு கேட்கவில்லை. சிம் இல்லாமல் என்னால் ஜிபே போட முடியவில்லை. "ஒனக்க அண்ணன் நாளைக்கு தந்தா போரும்" என்று போய்விட்டார். வரவேற்க வீட்டார் ஏழெட்டுப் பேர் வருவதென்றால் இந்த வண்டி காணாது, டிராவலர் பிடியுங்கள். குழந்தைக்கு என்று தனி சீட் கிடையாது. டிசம்பரிலும் ஓணம் சமயத்திலும் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும். ரகசியம் காக்க வேண்டும் என்றால் இவரைக் கூப்பிடாதீர்கள்.

இன்னொன்று. வந்து நாலு நாள் ஆகியும் அம்மா அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கவே இல்லை. பக்கத்து வீட்டு மாமி கேட்டாள், கோயிலில் கேட்டார்கள், மீன்காரர்கூடக் கேட்டார். அம்மா மட்டும் கேட்கவில்லை. எனக்கு அது ஒருவிதமான நிம்மதியாகவும் ஒருவிதமான வருத்தமாகவும் இருந்தது. கிறிஸ்துமஸ் கழிந்து அடுக்களையில் மஞ்சள்தூள் தேடும்போது, கோயிலில் தந்த புது வருடக் காலண்டர் கதவுக்குப் பின்னால் மாட்டியிருப்பதைப் பார்த்தேன். ஜனவரிப் பக்கம் திறந்திருந்தது. 29ஆம் தேதியைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம். நான் அனுப்பிய டிக்கெட் காப்பியில் போகும் தேதியும் இருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வட்டத்துக்குக் கீழே அம்மாவின் கோணல் எழுத்தில், 'கார் சொல்லியாச்சு. ராத்திரி 10 மணி.'