41 வாட் அவர் பேட்டரியோட 3 வருஷம்

2022 கடைசில வாங்குன லேப்டாப். 15.6 இன்ச், ஐ5 1235யூ, 8 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, பேட்டரி 41 வாட் அவர் (அதாவது 41 வாட் இழுத்தா ஒரு மணி நேரம் தாங்குற அளவு). கம்பெனி பேரு வேணாம், அந்த ரேஞ்சுல பாதி மாடல் இதே மாதிரிதான் இருந்துச்சு.

8 ஜிபி பத்தல, ஆறு மாசத்துலயே இன்னொரு 8 போட்டேன், அதுக்கப்புறம் ஸ்பீடுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஸ்க்ரீன் வெளிச்சம் 250 நிட்ஸ்தான், ஜன்னலுக்கு முதுகு காட்டி உக்காந்தா நம்ம மூஞ்சிதான் தெரியும். கீபோர்டு அருமை.

இப்ப பேட்டரி. வாங்குனப்போ அதுல 3550 எம்ஏஹெச்னு பாத்துட்டு, என்னடா என் ஃபோன்லயே 5000 இருக்கேன்னு பயந்துட்டேன். எம்ஏஹெச்ச மட்டும் வச்சு கணக்கு போடக்கூடாதுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. ஃபோன் 3.85 வோல்ட், பெருக்குனா 19 வாட் அவர் சொச்சம்தான், லேப்டாப்ல மூணு செல்லு வரிசையா சேர்ந்து 11.55 வோல்ட், அதனால 41 வருது.

ஆனா 41 எத்தன மணி நேரம் வரும்ங்கறது நாம என்ன வேலை பாக்குறோம்ங்கறதுல இருக்கு. எச்டபிள்யூஇன்ஃபோங்கற சாஃப்ட்வேர் போட்டு டிஸ்சார்ஜ் ரேட், அதாவது பேட்டரில இருந்து எத்தன வாட் போகுதுன்னு பாத்தேன், சும்மா டைப் அடிச்சா 7, 8 வாட், வீடியோ மீட்டிங்னா 15 தாண்டுது. ப்ராசஸர் 15 வாட்னு ஸ்பெக்ல போட்டிருக்கும், வேலை ஜாஸ்தியாகி டர்போ வேகத்துக்கு ஏறுச்சுன்னா 55 வரைக்கும் இழுக்கும். அப்ப புதுசுலயே டைப்பிங்குக்கு அஞ்சு மணி நேரம், மீட்டிங்குக்கு ரெண்டே முக்கால், அவ்ளோதான். பெட்டில போட்ட 9 மணி நேரம் லைட்ட கொறச்சு வீடியோ மட்டும் ஓடவிட்டா வரும்போல.

முத வருஷம் ஒண்ணும் தெரியல, எப்பவும் சார்ஜர்லயே போட்டு வச்சிருந்தேன், அதான் தப்பு. 100%லயே நிக்கறதும் சூடும் சேந்தா லித்தியம் பேட்டரி சீக்கிரம் தேயும், நம்ம ஊரு மே மாசத்துல கேக்கவே வேணாம். 80%ல நிறுத்துற செட்டிங் உள்ளயே இருந்திருக்கு, நான் பாத்ததே ரெண்டாவது வருஷம்தான்.

போன ஜூன்ல மெயின்டனன்ஸ்னு காலைல 9 மணிக்கு கரண்ட் எடுத்துட்டாங்க, மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு க்ளையன்ட் மீட்டிங், 34% காட்டிட்டு இருந்தது அப்படியே பொட்டுன்னு அணைஞ்சுது. நான் பாட்டுக்கு பேசிட்டே இருக்கேன்! சாயங்காலம் விண்டோஸ்லயே இருக்கற பவர்சிஎஃப்ஜி கமாண்ட்ல பேட்டரி ரிப்போர்ட் எடுத்தா, டிசைன் கெப்பாசிட்டி (புதுசுல இருந்த அளவு) 41,040 மில்லிவாட் அவர், ஃபுல் சார்ஜ் (இப்ப புடிக்கற அளவு) 27,900. மூணுல ஒரு பங்கு காலி.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு கடைல கம்பேட்டிபிள் பேட்டரி (கம்பெனியோடது இல்ல, அதுக்குப் பொருந்தற வேற பேட்டரி) மாத்துனேன், ஸ்டிக்கர்ல 41, ரிப்போர்ட்ல 35. அங்கயே நின்னு காட்டுனேன், "அண்ணே, நாலு தடவ சார்ஜ் போட்டா ஏறிடும்"னான் பையன். ஏறாதுப்பா, வேற குடுன்னு வாங்குனது 40.6 காட்டுச்சு. பில்லு வாங்குறதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் எடுத்துப் பாருங்க.

மீட்டிங்ல வாழறவங்களுக்கு 41 பத்தாது, 55 வாட் அவருக்கு மேல பாருங்க, கனம் கொஞ்சம் கூடும் பரவால்ல. வீட்லயே இருந்து டைப் அடிக்கறவங்களுக்கு இதுவே தாராளம்.

புதுசு போட்டு மூணு மாசமாச்சு. "அதான் பேட்டரி மாத்திட்டியே, இன்னும் ஏன் ஒயர குறுக்க போட்டு வச்சிருக்க"ன்னு அம்மா டெய்லி திட்டுறாங்க.