ஏற்காட்டு சில்வர் ஓக்கா, இறக்குமதி ஓக்கா?

சேலத்தில் அலமாரி செய்யக் கிளம்பும் பலர் இரண்டும் ஒரே மரம் என்று நினைக்கிறார்கள். இல்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழல் தந்து மிளகுக்கொடியைத் தாங்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலிய மரம். ஓக் குடும்பமே அல்ல.

விலை: சில்வர் ஓக் மலிவு. இறக்குமதியாகும் வெள்ளை ஓக் கையைக் கடிக்கும்.

உறுதி: வெள்ளை ஓக் கனம், கெட்டி. இரும்பு ஆணி மட்டும் வேண்டாம். ஈரம் பட்டால் மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து, ஆணியைச் சுற்றி மை கொட்டியதுபோல் கறுத்துவிடும். பித்தளைத் திருகாணி போடுங்கள். சில்வர் ஓக்கைப் பூச்சி அரிக்கும், மருந்து ஏற்றியதையே வாங்குங்கள்.

வேலை: சில்வர் ஓக் இழைக்கச் சுலபம். இழைத்ததும் பலகையில் சரிகை மாதிரி ரேகை மின்னும், அப்படி ஓர் அழகு!

உள்ளறை அலமாரிக்குச் சில்வர் ஓக் போதும். தினமும் புழங்கும் சாப்பாட்டு மேசை என்றால், காசு சேர்த்து வெள்ளை ஓக்.